அமெரிக்க ப்ளூஸ் இசைப் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங்கின் 'லைவ் அட் த ரீகல்' ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் தியேட்டரில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு இது. வேகமான கிட்டார் வாசிப்பை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான். கிங் ஒரு வரி பாடி நிறுத்துவார், அப்புறம் மீதியை கிட்டார் சொல்லும். ஒரே ஸ்வரத்தை இடது கை விரலால் அசைத்து அசைத்து அழ வைப்பார்.

'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' பாட்டை அவசியம் கேளுங்கள். காதலிக்குக் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவார். கடைசியில், பெற்ற ஏழு பிள்ளைகளையும் அவள் திருப்பித் தரப் பார்க்கிறாள் என்று பாடும்போது அரங்கமே அலறும்! என்னைக் கேட்டால், அந்த ரசிகர்களின் கூச்சல்தான் ஆல்பத்தின் பாதி உயிர். ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து இதைக் கொண்டுவரவே முடியாது.