கள ஆய்வுக்கு யார் காசு தருவார்?

அன்புள்ள சேர்,

நான் கல்முனைப் பக்கம். சமூகவியலில் சிறப்புப் பட்டம் முடித்து, கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பதிந்திருக்கிறேன். கண்ணகி அம்மன் சடங்கில் பெண்களின் பங்கு பற்றி மானிடவியல் ஆய்வாகச் செய்ய விருப்பம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, சனி ஞாயிறில் மட்டும்தான் கோயில் ஊர்களுக்குப் போய்வர முடிகிறது. வெளிநாட்டு ஆய்வு மானியமெல்லாம் வெள்ளைக்காரருக்குத்தான் என்கிறார்கள். “உன்ட ஊரைப் பற்றி எழுத உனக்கு எதுக்குக் காசு?” என்று அண்ணா கேட்கிறார். விண்ணப்பிக்கலாமா?

வாசகி, கல்முனை

அன்புள்ள மகள்,

கட்டாயம் விண்ணப்பியுங்கள். அண்ணாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். குடி என்கிற தாய்வழிக் குல வழமை, கோயில், பள்ளிவாசல், சீதனம் என்று தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகும் பல தடவை வந்தார். நம் கிழக்கிலங்கைக் கரையைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது 2008இல். ஏறக்குறைய நாற்பது வருடம்! மட்டக்களப்புப் பக்கத்து மண்டூர்க் கோயிலைப் பற்றி மார்க் விற்றேக்கர் என்ற இன்னொரு மானிடவியலாளர் எழுதியதும் அங்கே நீண்ட காலம் தங்கியிருந்துதான். அந்தக் காலத்தை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிதியும். நம் ஆட்களுக்கு அது வாய்க்கவில்லை. வித்துவான் வி.சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தைப் பற்றி அவ்வளவு பெரிய நூலைத் தந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். ஆனால் அந்தப் பாரத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் சம்பளத்திலும் தூக்கத்திலும் இருந்து சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சனி ஞாயிறில் போகிறவருக்கு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடுக்களையில் பெண்கள் பேசிக்கொள்வது கிடைக்காது. மானியம் அதற்குத்தான்.

வெள்ளைக்காரருக்கு மட்டும் என்பது சரியில்லை. நியூயோர்க்கில் இருக்கும் வென்னர் கிரென் நிதியம் 1941இல் வைக்கிங் நிதி என்ற பெயரில் தொடங்கியது. முழுக்க மானிடவியலுக்கான நிதியம். அதன் கலாநிதி ஆய்வுக் களப்பணி மானியத்துக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். அண்மைக் காலத்தில் உச்சத் தொகை 25,000 டொலர். ஆனால் கலாநிதிப் படிப்பில் பதிந்திருக்க வேண்டும், கல்விக் கட்டணத்துக்கு அந்தக் காசு உதவாது. நீங்கள் பதிந்துவிட்டீர்கள், கதவு திறந்திருக்கிறது. பிறகு, பட்டம் முடித்தவர்கள் உட்கார்ந்து எழுதுவதற்கென்றே அவர்களிடம் ஹன்ட் புலமைப்பரிசில் என்று ஒன்றும் உண்டு. அது பிற்பாடு.

பிரித்தானிய அருங்காட்சியகமும் ஒரு திட்டம் நடத்துகிறது: பொருட்களைச் செய்யும் கைப்பழக்கமும் அறிவும் மறையுமுன் பதிவுசெய்வதற்கு. வடமோடிக் கூத்தில் ஆடுபவர் அணியும் கரப்புடுப்பைக் கட்டத் தெரிந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அது உங்கள் தலைப்பில்லை, உங்கள் தோழிகள் யாருக்காவது சொல்லுங்கள்.

இனி முக்கியமான விடயம். பல வருடத்துக்கு முன் நானும் ஒரு வெளிநாட்டு நிதியத்துக்கு எழுதினேன். கண்ணகி அம்மனுக்காக ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்பிழுக்கும் கொம்புமுறி விளையாட்டு அழிந்துகொண்டு போகிறது, பதிவுசெய்ய வேண்டும் என்று பத்துப் பக்கம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். “இதில் கேள்வி எது?” என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருந்தார். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அவர் கேட்டது சரி. அழிகிறது என்பது கவலை. ஆய்வுக்குக் கேள்வி வேண்டும்.

“சடங்கில் பெண்களின் பங்கு” என்பதும் இன்னும் கேள்வியாகவில்லை. ஆனால் உங்கள் பக்கத்திலேயே ஒன்று கிடக்கிறது. நம்மிடம் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் மகளுக்குப் போகிறது. கோயிலில் குடிக்காகப் பேச எழும்பும் வண்ணக்கரோ, அதாவது கோயில் பொறுப்பாளரோ, ஆண். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு, பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் பத்திரம் எழுதினார்கள். வீட்டின் பெயர் மாறிய குடும்பங்களில், வைகாசிச் சடங்குக்குக் குடி வரி சேர்க்கும்போது, நேர்த்தி வைக்கும்போது, பெண்களின் சொல்லுக்கு என்ன ஆனது? இது எனக்குத் தோன்றிய ஒன்று, அவ்வளவுதான். உங்களுக்கு இதைவிட நல்லது வரும். இப்படி ஒரு கேள்வி இருந்தால், தாய்வழி உறவைப் படிக்கிற எவரும் கல்முனை எங்கே இருக்கிறது என்று தெரியாமலே உங்கள் முன்மொழிவை ஆர்வத்தோடு வாசிப்பார்.

ஊர்க்காரி என்பதை மறைக்க வேண்டாம். உங்களிடம் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்லமாட்டார்கள், எந்தக் குடி என்று உங்களையே கேட்டால் என்ன செய்வீர்கள் என்பதை முறையியல் பகுதியில் வெளிப்படையாக எழுதுங்கள். செலவுத் திட்டத்தில் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் கூலியைப் போட மறக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு முழு நாள் போகும். கதை சொன்ன அம்மாமாருக்குத் தமிழில் ஒரு சிறு நூல் திருப்பிக் கொடுப்பதற்கும் காசு கேளுங்கள்.

முதலில் இரண்டு பக்கம் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தைப் பிறகு சேர்ந்து பார்ப்போம். அண்ணாவையும் ஒருநாள் சடங்குக்குக் கூட்டிப் போங்கள், அவருக்குத் தெரிந்ததையும் எழுதிக்கொள்ளலாம்.