மகளுக்கு வயலின் தனி வகுப்பு: பக்கத்தில் உள்ள இடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

8 வயதுக் குழந்தை, கர்நாடக வயலின், வீட்டருகே இரண்டு மூன்று வகுப்புகள் என்றால், கட்டணம் கேட்பதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள். ஆசிரியர் சுருதிப்பெட்டியை (ஆதார ஒலியை இடைவிடாமல் தரும் கருவி) வைத்து, நான்கு தந்திகளையும் ச‑ப‑ச‑ப என்ற சுவரங்களுக்குச் சேர்த்த பிறகே பாடம் தொடங்க வேண்டும். சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியில் காந்தாரம் (‘க’ சுவரம்) சுருதியை விட்டு இறங்கினால் அங்கேயே நிறுத்தி, பாடிக் காட்டி, திரும்ப வாசிக்க வைக்கிறாரா? கடைசி வரை ஓடவிட்டு ‘வீட்டில் சாதகம் (பயிற்சி) பண்ணு’ என்று அனுப்பினால் பிழைதான் கையில் படியும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தனி வகுப்பு என்று சொல்லிவிட்டு ஒரே நேரத்தில் மூன்று பேரை மூன்று மூலையில் உட்கார வைப்பதும் உண்டு. அடுத்த பிள்ளை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

வாத்தியத்தின் அளவு மிக முக்கியம். இந்த வயதுக்குப் பெரும்பாலும் அரை அளவு பொருந்தும். ‘வளர்ந்துவிடுவாள், முழு அளவே வாங்குங்கள்’ என்பவரை நம்பாதீர்கள். விரல் எட்டாமல் மணிக்கட்டு மடங்கும், சுவரம் தாழும், தோள் வலிக்கும். தரையில் உட்காரும்போது வயலினின் தலைப்பகுதி வலது காலில் அசையாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

வாரம் இரண்டு முறை, 30 நிமிடம் போதும். ஆசிரியர் வராத நாளுக்கு ஈடு வகுப்பு உண்டா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.