ஆட்டம் நன்றாக ஓடுகிறது, நண்பர்களுக்கு மட்டும் லேக்: 10 ஜிகாபிட் வாங்கலாமா?

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இரவு ஒன்பது மணிக்கு மேல் கணினியில் விளையாடிக்கொண்டே டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நண்பர்களுக்குத் திரையைக் காட்டுவான். அவனுக்கு ஆட்டம் நன்றாகத்தான் ஓடுகிறது. நண்பர்களுக்கோ படம் அப்படியே உறைந்து, பிறகு தாவித் தாவி வருகிறதாம். வீட்டில் 1 ஜிகாபிட் ஃபைபர் இருக்கிறது. கடைத்தொகுதியில் மேசை போட்டிருந்த விற்பனையாளர், "கேமிங் என்றால் 10 ஜிகாபிட்தான் சரி" என்கிறார். 24 மாத ஒப்பந்தம். மாறலாமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டிஸ்கார்டில் பணம் கட்டாத கணக்கிலிருந்து அதிகபட்சம் 720பி படம்தான் போகும், அதுவும் நொடிக்கு 30 ஃப்ரேம். அதைவிடக் கூர்மையான 1080பி, 60 ஃப்ரேம் படத்துக்கே நேரலைத் தளமான டிவிட்ச் பரிந்துரைப்பது நொடிக்கு 6,000 கிலோபிட், அதாவது 6 மெகாபிட். உங்கள் இணைப்பு 1,000 மெகாபிட். மகன் அனுப்பும் நேரலைப் படம் (ஸ்ட்ரீம்) அதில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. உங்கள் திட்டத்தில் மேலேற்றும் வேகம் 500தான் என்று இருந்தாலும் முடிவு மாறாது. புளோக் கார்நிறுத்துமிட வாசலில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும்போது பிஐஇ விரைவுச்சாலையை அகலப்படுத்தி என்ன பயன்?

அப்படியானால் வாசல் எங்கே? மகனிடம் ஒன்று கேளுங்கள்: எல்லா நண்பர்களுக்கும் ஒரே நேரத்தில் உறைகிறதா, ஒருவருக்கு மட்டுமா? ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு அந்தப் பையன் வீட்டில். உங்கள் பணத்துக்கு அங்கே வேலை இல்லை. எல்லாருக்கும் என்றால் மேலே படியுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, பிங் கட்டளையை (தகவல் போய்வர ஆகும் நேரத்தைக் காட்டுவது) உங்கள் ரௌட்டரின் முகவரிக்கு ஓடவிடுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது மகன் வழக்கம்போல் விளையாடி, திரையையும் காட்டட்டும். வரிசையாக 2, 3, 2 மில்லிசெகண்ட் என்று வந்தால் வீட்டு வைஃபையில் சிக்கல் இல்லை, அடுத்த கேள்வியின் பதிலைப் பாருங்கள். 3, 4, 180, 5, 240 என்று துள்ளினாலோ, நடுவில் பதிலே வராமல் போனாலோ, லேக் உங்கள் வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பிறந்துவிட்டது. ரௌட்டருக்கும் படுக்கையறைக்கும் இடையில் துள்ளும் அந்த எண்ணை எந்த நிறுவனத்தின் 10 ஜிகாபிட்டும் அடக்காது.

"ஸ்பீட்டெஸ்டில் 400 காட்டுகிறதே?" என்பீர்கள். அது சில நொடிகளின் சராசரி. நடுவில் கால் நொடி வைஃபை மூச்சுவிட்டால் சராசரியில் தெரியாது, நேரலைப் படத்தில் பளிச்சென்று தெரியும்.

பொங்கோலில் உங்களுடையது புதிய வீவக வீடாக இருந்தால் பாம் ஷெல்டர் இருக்கும். அதன் சுவர் கம்பி போட்ட தடித்த கான்கிரீட், கதவு எஃகு. பலர் ஃபைபர் பெட்டியையும் ரௌட்டரையும் கண்ணில் படாமல் அதற்குள்ளேயோ பக்கத்து அலமாரியிலோ ஒளித்து வைத்துவிடுகிறார்கள். வீடு அழகாகத்தான் இருக்கும், சிக்னல் வெளியே வராது. இரவு ஒன்பது மணி என்பதையும் கவனியுங்கள். மாடி முழுக்க எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாம் அந்த மூன்றுக்குள்ளேயே நெருக்கியடிக்கின்றன. கணினி அந்த அலையில் இருந்தால் இன்றைக்கே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், செலவே இல்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் ரௌட்டரிலிருந்து கணினிக்குக் கேபிள். புதிய வீடுகளில் அறைச்சுவரிலேயே டேட்டா பாயிண்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) இருக்கும், அலமாரி செய்தவர் அதை மறைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பழைய வீடு என்றால் சுவரோரமாக 15 மீட்டர் கேட் 6 கேபிளை ஓட்டினால் போதும், இருபது வெள்ளிக்குள் முடிந்துவிடும். முதலில் ஒரே ஓர் இரவு தரையில் அப்படியே போட்டுச் சோதியுங்கள். நண்பர்களுக்குப் படம் சரியாகிவிட்டால் பிறகு ஒட்டி மறைத்துக்கொள்ளலாம். கேபிள் ஓட்டவே வழியில்லாத வீட்டுக்குத்தான் மெஷ் ரௌட்டர் (பல இடங்களில் வைக்கும் பெட்டிகள் ஒரே வைஃபையாக இயங்குவது). வெறும் ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலானவை ஒரே அலையில் வாங்கி அதே அலையிலேயே திரும்ப அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும், தாமதமும் கூடும்.

10 ஜிகாபிட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய ஒப்பந்தம் முடிந்து, புதியது அதே விலைக்கு வந்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் மகனின் கணினியில் நெட்வொர்க் துளை 1 ஜிகாபிட்டா 2.5 ஜிகாபிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கணினிகளில் இருப்பது இவற்றில் ஒன்றுதான். மீதி வேகம் ரௌட்டரோடு நின்றுவிடும்.

கேள்வி: கேபிள்தான் போட்டிருக்கிறேன், பிங் 1 மில்லிசெகண்டுக்கு மேல் போவதில்லை. ஆனாலும் ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருள் வழியாக ஸ்ட்ரீம் செய்தால் படம் திக்கித் திக்கி வருகிறது என்கிறார்கள். கடையில் கேட்டால் புதிய கிராஃபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள். (உட்லண்ட்ஸ்)

பதில்: கடைக்காரர் ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா? பார்த்திருக்கமாட்டார்.

ஓபிஎஸ்ஸில் வியூ, ஸ்டாட்ஸ் என்று போங்கள். அங்கே மூன்று வரிகள் உங்களுக்கு வேண்டும். 'ரெண்டரிங் லேக்' என்று முடியும் வரி ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டு மூச்சுத்திணறுகிறது என்று பொருள்: ஆட்டமே கார்டை முழுதாக விழுங்கிவிட்டதால் ஓபிஎஸ்ஸுக்குப் படம் வரைய இடம் கிடைக்கவில்லை. 'என்கோடிங் லேக்' என்று முடியும் வரி ஏறினால் படத்தைச் சுருக்கும் வேலை பின்தங்குகிறது. 'டிராப்ட் ஃப்ரேம்ஸ்' என்ற வரி ஏறினால் மட்டுமே இணையம். நண்பர்கள் கண்ணுக்கு மூன்றும் ஒரே மாதிரி 'லேக்'தான், மருந்து மூன்றுக்கும் வேறுவேறு. டிவிட்ச் கணக்கை இணைத்திருந்தால் ஓபிஎஸ் அமைப்பில் பேண்ட்வித் டெஸ்ட் மோட் என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் யாருக்கும் தெரியாமல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம்.

உங்களுடையது முதல் வரியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் ஆட்டத்தின் ஃப்ரேம் வேகத்துக்குக் கடிவாளம் போடுங்கள். நண்பர்களுக்குப் போவது 60 ஃப்ரேம். நீங்கள் கட்டுப்பாடில்லாமல் 200 ஓட்டினால் கார்டு எப்போதும் நூறு விழுக்காட்டிலேயே நிற்கும். 120இல் நிறுத்தினால் ஓபிஎஸ்ஸுக்கு மூச்சு கிடைக்கும். அப்புறம், ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பாருங்கள், விண்டோஸ் அதற்கு கார்டில் முன்னுரிமை தரும்.

இரண்டாவது வரி என்றால் அவுட்புட் பகுதியில் என்கோடர் எக்ஸ்264 என்று இருக்கிறதா பாருங்கள். அது பிராசஸரின் தோளில் சுமையை ஏற்றுவது. என்விடியா கார்டு இருந்தால் என்வென்க், இன்டெல் என்றால் குவிக் சிங்க், ஏஎம்டி என்றால் அதனுடைய சொந்த என்கோடர் என்று மாற்றுங்கள். இவை சில்லுக்குள் இதற்கென்றே உள்ள தனிப் பகுதியில் நடப்பதால் ஆட்டத்தை அவ்வளவாகத் தொடாது.

மடிக்கணினியா? சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஏர்கான் போடாத அறையில், மெத்தைமேல் வைத்து விளையாடினால், பத்தே நிமிடத்தில் அது சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் இணையத்தைத்தான் திட்டுவோம்.

இவ்வளவுக்குப் பிறகும் கார்டு வாங்கத்தான் வேண்டும் என்றால் ஓர் எச்சரிக்கை. என்விடியா ஜிடி 1030, ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகியவற்றில் வீடியோ என்கோடர் பகுதியே கிடையாது. மலிவாகக் கிடைக்கும், ஆட்டமும் ஓரளவு ஓடும், ஸ்ட்ரீம் செய்ய ஆரம்பித்தால் பழைய கதைதான். சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடைக்கு நான்கு கடை ஏறி இறங்குங்கள், வாங்கும் மாடலின் முழுப் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மதுரையில் இருக்கும் அத்தை மகனோடு ஸ்டீம் ரிமோட் பிளே டுகெதரில் சண்டை ஆட்டம் ஆடுகிறோம். ஆட்டம் என் கணினியில் ஓடுகிறது, படம் மட்டும் அவனுக்குப் போகிறது. அவன் பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் பொறுத்துத்தான் குத்து விழுகிறது. என்ன வாங்கினால் சரியாகும்? (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: எதை வாங்கினாலும் முழுதாகச் சரியாகாது. இது கடலின் தூரம்.

சிங்கப்பூரையும் சென்னையையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் 2002இல் வந்தது, நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போகவர 6,400 கிலோமீட்டர் என்றால் 32 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து மதுரைக்கு இன்னும் சில. அவன் அழுத்திய பொத்தான் இங்கே வரவேண்டும், உங்கள் கணினி படத்தைப் பிடித்துச் சுருக்கி அனுப்பவேண்டும், அங்கே அது விரிந்து திரையில் ஏறவேண்டும். 60 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், ஒவ்வொரு படியிலும் ஒரு ஃப்ரேம் தாமதித்தாலும் கூட்டிப் பாருங்கள். சண்டை ஆட்டத்தில் நீங்கள் உள்ளூர்க்காரர், அவன் வெளியூர்க்காரன். நீங்கள் ஜெயிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

குறைக்க முடிந்ததைக் குறைக்கலாம். படத்தை 720பிக்கு இறக்குங்கள். அவன் டிவியில் ஆடினால் அதில் கேம் மோடைப் போடச் சொல்லுங்கள், பல டிவிகள் படத்தை மெருகேற்றுகிறேன் என்று கணிசமான நேரத்தைத் தின்றுவிடும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடினால் அதை விட்டு வீட்டு ஃபைபருக்கு மாறச் சொல்லுங்கள். அப்புறம் ஆட்டத்தை மாற்றுங்கள்: முறைவைத்து ஆடுபவை, சேர்ந்து சமைப்பவை, புதிர்கள் எல்லாம் இந்தத் தாமதத்தைத் தாங்கும். சண்டைதான் வேண்டும் என்றால் ஆட்டத்தை அவனும் வாங்கி, இருவரும் அதன் சொந்த ஆன்லைன் முறையில் மோதுங்கள். அதில் போவது பொத்தான் விவரங்கள்தான், படம் இல்லை.

கேள்வி: விளையாட்டுக் கன்சோலை ஸ்ட்ரீம் செய்ய இணையத்தில் 25 வெள்ளிக்கு '4கே 60' கேப்சர் கார்டு (கன்சோல் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் கருவி) வாங்கினேன். படம் மங்கல், அரை நொடி பின்தங்குகிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (தெம்பனிஸ்)

பதில்: பெட்டியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். இந்த விலைக்கு வரும் பெரும்பாலானவை 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், கணினிக்கு அனுப்புவதோ 1080பி, 30 ஃப்ரேம். அதை உள்ளபடி எழுதியிருந்தால் உங்களுக்கு வழக்கு இல்லை. எழுதாமல் 4கே பதிவு செய்யும் என்றே விற்றிருந்தால், வர்ணனைக்குப் பொருந்தாத பொருள். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. அவர் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ வேண்டும், முடியாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்ப. வாங்கிய பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு வர்ணனை மாறிவிடும். விற்றவர் உள்ளூர் வணிகர் என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் உதவும், அதற்கு மேல் சிறு கோரல்கள் நடுவர் மன்றம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் தளத்தின் ரீஃபண்ட் பொத்தான்தான் எளிதான வழி, காலக்கெடு முடிவதற்குள் அழுத்துங்கள். தனிநபரிடம் பழையதாக வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது.

அரை நொடியைப் பற்றி: ஓபிஎஸ் காட்டும் படத்தைப் பார்த்து விளையாடாதீர்கள். கார்டின் எச்டிஎம்ஐ அவுட்டை டிவியில் செருகி டிவியைப் பார்த்து ஆடுங்கள், நண்பர்கள் ஸ்ட்ரீமைப் பார்க்கட்டும். அவுட் துளையே இல்லாத மாடல் என்றால் படத்தை டிவிக்கும் கார்டுக்கும் பிரித்துத் தரும் ஒரு ஸ்பிளிட்டர் வேண்டியிருக்கும்.

கேள்வி: லேக் அடிக்கிறது என்று சொல்லி ஃபைபர் ஒப்பந்தத்தை இடையில் முறிக்கலாமா? (ஈசூன்)

பதில்: வைஃபையில் எடுத்த ஸ்பீட்டெஸ்டைக் காட்டினால் எந்த நிறுவனமும் காதில் வாங்காது. கேபிளில், மூன்று நான்கு இரவு, நேரம் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். கேபிளிலும் மோசமாக இருந்து அவர்கள் சரிசெய்யவில்லை என்றால் 2022இல் தொடங்கிய தொலைத்தொடர்பு, ஊடகச் சேவைகளுக்கான சமரசத் திட்டத்தை நாடலாம். அந்தத் திட்டம் தகவல்தொடர்பு ஊடக வளர்ச்சி ஆணையத்தின் ஏற்பாடு.

கேள்வி: கேமிங்குக்கென்று கேட் 8 கேபிள் விற்கிறார்களே? (செங்காங்)

பதில்: கேட் 8 தரவு மையங்களுக்கு வந்த சரக்கு, 40 ஜிகாபிட்டை 30 மீட்டர்வரை தாங்கும். உங்களுக்கு 1 ஜிகாபிட் போக கேட் 5இயே 100 மீட்டர்வரை போதும். வீட்டில் பழைய கேபிள் கிடந்தால் அதன் உறைமேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், கிளிப் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் அதையே செருகுங்கள்.