பட்டறைகளில் இருக்கும் சின்ன நிலக்கரி பாய்லரின் புகை, அனல்மின் நிலையப் புகையைவிடக் கெடுதலா?

மொத்த அளவில் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இதுதான் கெடுதல் என்பேன். திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஆறு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். எங்களுடையது மணிக்கு 3 டன் ஸ்டீம் தரும் பாய்லர். விறகு கிடைக்காத மாதங்களில் நிலக்கரி.

அனல்மின் நிலையத்தின் 500 மெகாவாட் அலகுக்கு 275 மீட்டர் புகைபோக்கி என்பது நெடுநாள் இருந்த விதி. எங்கள் புகைபோக்கி பக்கத்துத் தென்னையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அதில் இருந்தது சைக்ளோன் என்கிற தூசி பிரிக்கும் கருவி ஒன்று. கனமான தூசியைச் சுழற்றிக் கீழே தள்ளும், 2.5 மைக்ரானுக்குக் குறைந்த பொடி பெரும்பாலும் தப்பித்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது அந்தப் பொடிதான்.

அனல்மின் நிலையத்தில் கரியை மாவாக அரைத்து ஒரே சீராக ஊதி எரிப்பார்கள். இங்கே சவலால் அள்ளிப் போடுவதுதான். காலை ஐந்தரைக்கு ஃபயர்மேன் அண்ணன் பற்றவைப்பார். அடுப்பு சூடேறும் முன்பே ‘ஸ்டீம் வந்துருச்சுங்களாண்ணா?’ என்று ஆள் வந்து நிற்கும். அவரும் நாலு சவல் கரியைச் சேர்த்துப் போட்டுவிடுவார். சூடு பத்தாத அடுப்பில் கரியின் வாயு முழுசாக எரியாமல் கரிப்புகையாக வெளியேறும். அந்த அரைமணி நேரம் கன்னங்கரேல் என்று கிளம்பும். அப்புறம் நாள் முழுக்க லேசான சாம்பல் நிறம்தான். பற்றவைக்க பனியன் கட்டிங் வேஸ்ட்டையும் போடுவோம். லைக்ரா கலந்த துணி என்றால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். நானும் கண்டும் காணாமல் இருந்தவன்தான்.

ஒரு தை மாசம் பின்வீட்டு ஆத்தா, மாடியில் காயப்போட்ட வடகத்தை முறத்தோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எள் தூவினது மாதிரி கரும்புள்ளிகள். ‘இந்தா கண்ணு, நீயே தின்னு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆடியில் இப்படி யாரும் வரமாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். மார்கழி, தை விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து கிடக்க, மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். பாய்லர் பற்றவைக்கும் நேரமும் அதுவே. புகை மாடி உயரத்திலேயே தங்கிவிடும்.

சீனாவில் குளிருக்கு வீடுகளைச் சூடாக்கவும் இப்படிப்பட்ட சின்ன பாய்லர்கள் ஏராளமாக இருந்தன. மணிக்கு 10 டன்னும் அதற்குக் குறைவாகவும் உள்ள நிலக்கரி பாய்லர்களை, 2017க்குள் நகரங்களிலிருந்து பெரும்பாலும் அகற்ற 2013இல் அந்த அரசு திட்டம் போட்டது.

புகையைத் துணிப்பைகள் வழியாக வடிகட்டும் பேக் ஃபில்டர் போட்டால் சரியாகிவிடாதா என்றால், நன்றாகவே பிடிக்கும். ஆனால் பற்றவைக்கும்போது பொறி பட்டுப் பை ஓட்டையாகும் என்று புகையை ஃபில்டரில் படாமல் வெளியே விடும் பைபாஸைத் திறந்துவிடுகிற ஆட்கள் உண்டு. பதினொரு மணிக்கு வந்து பார்க்கும் அதிகாரிக்கு எதுவும் தெரியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதினால் தேதியோடு மணியையும் போடுங்கள். ஐந்தரை முதல் ஆறரை வரை நாலைந்து நாள் வீடியோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.