அது புழுவுமல்ல, நோயுமல்ல, விரால் குஞ்சுகள்!

வணக்கம். கூடலூரில் உங்கள் வயலோரக் குட்டையில் செக்கச்செவேலென ஒரு கூட்டம் மிதக்கிறது, அள்ளித் தொட்டியில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அள்ளாதீர்கள். அவை விரால் குஞ்சுகள். கரையில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள்: கூட்டம் முழுவதும் ஒன்றாக மேலே வந்து, மழைத்தூறல் விழுந்ததுபோல நீரைச் சிலிர்க்கவைத்துவிட்டு இறங்கும். காற்றைக் குடிக்கத்தான் அப்படி வருகின்றன. விரால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் மீன். அதற்குச் சற்றுக் கீழே கருநிழலாகத் தாய் தகப்பன் மீன்கள் காவல் நிற்கும். கை வைத்தால் பாய்ந்து முட்டவும் செய்யும்.

கரையோரப் பாசியையும் புல்லையும் இப்போது சுத்தம் செய்ய வேண்டாம். அவற்றுக்கு நடுவே இடம் ஒதுக்கித்தான் விரால் முட்டையிடும், முட்டைகள் மிதக்கும். பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும், எனக்கு அதுதான் பெரிய கவலை. செந்நிறம் மங்கிக் கருமை ஏறியதும் தாமாகவே பிரிந்துபோகும். வளர்க்க வேண்டுமென்றால் அப்போது பிடித்து, பெரியது சிறியது பிரித்து விடுங்கள். இல்லையேல் ஒன்றையொன்று விழுங்கும். கெண்டைக் குஞ்சு வாங்கி அதே குட்டையில் விடும் எண்ணத்தையும் கைவிடுங்கள், அத்தனையும் விராலுக்கு இரையாகிவிடும்.