ஒரே இசைக்குழுவை அடுத்தடுத்த இரண்டு இரவுகள் பார்ப்பது வீண்செலவா?

கேள்வி: நான் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் மூன்று ஆண்டுகளாக மென்பொருள் பொறியாளராக வேலை செய்கிறேன். அடிப்படை ஆண்டுச் சம்பளம் 60,000 யூரோ. மாதம் கைக்கு வருவது 3,700. வாடகையும் மின்சாரமும் 1,450, வீட்டுச் செலவும் மருத்துவக் காப்பீடும் 950, திருச்சியில் இருக்கும் பெற்றோருக்கு 500 போக மீதி 800 யூரோ. சேமிப்பு 9,500 யூரோ. மனைவி இப்போதுதான் வேலை தேடுகிறார். வரும் தை மாதம் தங்கையின் திருமணம். என் பங்காகப் பத்து லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கல்லூரி நாள் முதல் நான் சிம்பொனிக் மெட்டல், அதாவது கனத்த கிட்டார் இசையோடு ஆர்க்கெஸ்ட்ராவைக் கலக்கும் இசையின் ரசிகன். நான் மிகவும் விரும்பும் இசைக்குழு வரும் அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் வெள்ளி, சனி என இரண்டு இரவுகள் முழு ஆர்க்கெஸ்ட்ராவுடன் வாசிக்கிறது. இரண்டுக்கும் போக ஆசை. டிக்கெட் தலா 79, விஐபி சலுகை தலா 140, ஹோட்டல் இரண்டு இரவுக்கு 340, ரயில் 50, சாப்பாடு 100, டி-ஷர்ட் முதலியவை 120 என மொத்தம் 1,048 யூரோ ஆகிறது. "ஒரே பாட்டை இரண்டு தடவை கேட்க ஆயிரம் யூரோவா, ஒரு இரவு போதாதா" என்கிறார் மனைவி. மூன்று தவணைகளில் பிறகு செலுத்தும் வசதியில் வாங்கிவிடு என்கிறான் நண்பன். என்ன செய்யலாம்? டால் வோர்டேல் என்ற ரயில் தள்ளுபடிச் சந்தா என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பதில்: உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. ஆனால் அவர் வெட்டச் சொல்லும் இடத்தில் அதிகம் மிச்சமாகாது. நீங்கள் அனுப்பிய கணக்கையே ஒரு இரவுக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன்: டிக்கெட், விஐபி, ஹோட்டல், ரயில், சாப்பாடு, டி-ஷர்ட் எல்லாம் சேர்த்து 609 யூரோ. ஆக, இரண்டாம் இரவின் கூடுதல் செலவு 439. அந்த 439-இலும் இசைக்காக நீங்கள் கொடுப்பது 79 மட்டுமே. மற்றதெல்லாம் அந்த இசையைச் சுற்றி நீங்களாகக் கட்டிக்கொண்ட வசதிகள்.

இதே கணக்கைத்தான் நிகழ்ச்சியை நடத்துபவர்களும் போடுகிறார்கள். இந்த வகை இசையில் ஆர்க்கெஸ்ட்ரா என்பது நம் ஊர்க் கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா அல்ல. வயலின் வரிசை, ஊதுகருவிகள், சேர்ந்திசைப் பாடகர்கள் என ஒரு பெருங்கூட்டத்துக்குச் சுரக்குறிப்பு எழுதி, ஒத்திகை நடத்தி, ஒவ்வொரு கருவிக்கும் ஒலிவாங்கி பொருத்த வேண்டும். இந்தச் செலவின் பெரும்பகுதி முதல் இரவுக்கே ஆகிவிடுகிறது. மேடை அப்படியே நிற்கும்போது மறுநாளும் வாசித்தால் அதே செலவு இரண்டு அரங்க வசூலில் பங்கிடப்படும் என்பதும் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் அடுத்தடுத்த இரவுகளில் வைக்கப்படுவதற்கு ஒரு காரணம். இதே வகை இசையை வாசிக்கும் எபிகா குழு 2024 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமின் அஃபாஸ் லைவ் அரங்கில் ஆர்க்கெஸ்ட்ராவுடன் இரண்டு இரவுகள் வாசித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

"ஒரே பாட்டு" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் ஒரே பாடகரை மூன்று சபாக்களில் கேட்கும் ரசிகரை யாரும் ஊதாரி என்று சொல்வதில்லை. ஆனால் அங்கே ராகம் மாறும், கற்பனை மாறும். இங்கே பாடல் வரிசை இரண்டு இரவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு ஒரு வாதம் உங்கள் பக்கம் இருக்கிறது. வழக்கமான சுற்றுப்பயணங்களில் இக்குழுக்கள் பெரும்பாலும் ஆர்க்கெஸ்ட்ராவின் பகுதியைப் பதிவு செய்த ஒலியாகவே பின்னணியில் ஓடவிடுகின்றன. மேடையில் உயிருள்ள ஆர்க்கெஸ்ட்ரா அமர்வது அபூர்வம். விதின் டெம்ப்டேஷன் குழு 2008 பிப்ரவரியில் ராட்டர்டாமின் அஹாய் அரங்கில் மெட்ரோபோல் ஆர்க்கெஸ்ட்ராவுடன் நடத்திய நிகழ்ச்சியைப் பற்றி ரசிகர்கள் இன்றும் பேசுவது அதனால்தான். "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்பதும் இந்த இசையில் நம்பத்தக்க வாக்கு அல்ல. பின்லாந்தின் நைட்விஷ் குழு, தன் அடுத்த ஆல்பத்துக்காகச் சுற்றுப்பயணம் போகப்போவதில்லை என்று 2023-இல் அறிவித்தது; 2024-இல் ஆல்பம் வந்தது, பயணம் இல்லை. ஆகவே வழக்கமான சுற்றுப்பயணத்தின் இரண்டு ஊர்களுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்டிருந்தால் ஒன்று போதும் என்றிருப்பேன். இது அப்படியல்ல.

இனி உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

9,500 சேமிப்பில் 6,000 யூரோவைத் தொடவே கூடாது. உங்கள் வீட்டின் மாதச் செலவும் பெற்றோருக்கு அனுப்புவதும் சேர்ந்து 2,900. அந்த 6,000 இரண்டு மாதத்துக்குத்தான் வரும். ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் உங்களுடையது. நீங்கள் உயர்திறன் பணியாளர் அனுமதியில் இருந்தால், வேலை போனபின் புது வேலை தேடுவதற்குப் பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் மூன்று மாதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மனைவிக்கு வேலை கிடைக்கும் வரை இந்தத் தொகை குறைவு என்றே சொல்வேன்.

மீதி 3,500 கல்யாணக் கணக்குக்குப் போகட்டும். மே முதல் டிசம்பர் வரை எட்டு மாதம், மாதம் 800 வீதம் 6,400. மே மாதத்தில் உங்களுக்கு வகான்சிகெல்ட், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் எட்டு சதவீத விடுமுறைப் படி வரும். 60,000-க்கு அது 4,800. உங்கள் வருமான நிலையில் அந்தப் படிக்கு வரிப்பிடித்தம் கடுமையாக இருக்கும் என்பதால் கைக்குப் பாதி வரும் என்று வைத்து 2,400 எழுதுகிறேன். மூன்றும் சேர்ந்து 12,300. பத்து லட்சம் ரூபாயை ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்ற தோராயக் கணக்கில் 10,000 யூரோ என்று கொண்டால் 2,300 மிஞ்சுகிறது. இதைப் பார்த்துத்தான் ஆயிரம் யூரோ எளிது என்று உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஓட்டை இதுதான்: தங்கையின் கல்யாணத்துக்கு நீங்களும் மனைவியும் எப்படிப் போகப்போகிறீர்கள்? கடிதத்தில் விமானக் கட்டணம் எங்குமே இல்லை. பொங்கலை ஒட்டிய வாரங்களில் எல்லாரும் ஊருக்குப் போகும் நேரத்தில், இருவருக்கும் போய்வர 1,900 யூரோவாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதைக் கழித்தால் கையில் நிற்பது 400 யூரோ. உங்கள் அக்டோபர் இந்த நானூறுக்குள் அடங்க வேண்டும்.

அடங்கும். விஐபி சலுகையை இரண்டு இரவும் விட்டுவிடுங்கள். முன்கூட்டி உள்ளே விடுவது, கழுத்தில் மாட்டும் அட்டை, சில நேரங்களில் ஒரு புகைப்படம் ஆகியவற்றுக்காக 280 யூரோ கொடுக்கிறீர்கள். அதில் ஒரு சுரம்கூடக் கூடுதலாகக் கேட்காது. அடுத்து ஹோட்டல். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அறை வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வாங்குகிறது. 2026 ஜனவரி முதல் நெதர்லாந்தில் தங்கும் அறைகளுக்கான மதிப்புக் கூட்டு வரியும் 9-இலிருந்து 21 சதவீதமாக உயர்ந்துவிட்டது. ஐந்தோவனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு உத்ரெக்ட் வழியாக ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான். அந்த நேரத்தை மிச்சப்படுத்த இரவுக்கு 170 யூரோ தருவது உங்கள் நிலையில் நியாயமில்லை. இரண்டு இரவும் வீட்டுக்கே திரும்பிவிடுங்கள்.

ரயிலுக்கு நீங்கள் முழுக் கட்டணம் போட்டிருக்கிறீர்கள். உங்களிடம் ஏற்கெனவே டால் வோர்டேல் சந்தா இருப்பதாகக் கடிதத்தின் இறுதியில் எழுதியிருக்கிறீர்கள். நெரிசல் நேரத்துக்கு வெளியிலும் வார இறுதியிலும் அதற்கு 40 சதவீதத் தள்ளுபடி உண்டு. அப்படியானால் 50 யூரோப் பயணம் 30-க்கு முடியும். இரண்டு தடவை போய்வர 60. வெள்ளிக்கிழமை மட்டும் கவனம் தேவை. மாலை 4 மணிக்கும் 6.30-க்கும் இடையில் நெரிசல் நேரம் என்பதால், 4 மணிக்கு முன்பே நிலையத்தில் அட்டையைத் தட்டிவிட வேண்டும். அரை நாள் விடுப்பை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வழியில் சாப்பிட வீட்டிலிருந்தே எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் இரண்டு நாளுக்கு 60 யூரோ தாராளம்.

ஆக, டிக்கெட் 158, ரயில் 60, சாப்பாடு 60, ஒரே ஒரு டி-ஷர்ட் 40. மொத்தம் 318 யூரோ. 400-இல் 82 மிஞ்சுகிறது. இந்தத் திட்டத்தில் இரண்டாம் இரவைக் கைவிட்டால் மிச்சமாவது 139 யூரோ மட்டும் என்பதை மனைவியிடம் காட்டுங்கள். ஆயிரம் என்ற எண்ணைக் கேட்டவர் 318 என்ற எண்ணை வேறு விதமாக எடைபோடக் கூடும். அந்த 82-இல் இருபது, முப்பது யூரோவை இசையைக் கெடுக்காமல் ஒலியின் அளவை மட்டும் குறைக்கும் நல்ல காதடைப்பானுக்குச் செலவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரநிலை, இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு இரவுகள் தொடர்ந்து அந்த அளவை ஒட்டிய ஒலியில் நிற்கும் காதுக்கு இடையில் ஓய்வே இல்லை.

நண்பர் சொன்ன தவணை வசதி வேண்டாம். நெதர்லாந்தில் கடன் விளம்பரங்களில் "கவனம், கடன் வாங்கினால் பணம் செலவாகும்" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வாசகத்தைச் சட்டப்படி போட வேண்டியிருக்கிறது. அதை ஒரு தடவை உரக்கப் படித்துப் பார்க்கும்படி நண்பரிடமும் சொல்லுங்கள். வட்டி இல்லையே என்பார். தாமதமானால் கட்டணம் உண்டு. அதைவிட, 318 யூரோவில் முடிய வேண்டிய விஷயத்தை 1,048-க்கு இழுத்துக்கொண்டு போவதே அந்த வசதிதான். மாதச் சம்பளத்தில் 158 யூரோ டிக்கெட்டை உடனே கட்டக்கூடியவருக்கு அது எதற்கு?

அபாயத்தைப் பற்றியும் கொஞ்சம். இரண்டு இரவு வாங்கியிருப்பதால் ஒன்று போனாலும் மற்றது கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாடகியின் தொண்டை கட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்தே ரத்தாகும். அப்போது டிக்கெட் பணம் திரும்ப வரும். திருப்பித் தராத நிபந்தனையில் எடுத்த ஹோட்டல் அறைப் பணம் வராது. ஹோட்டலை வேண்டாம் என்றதற்கு இது இரண்டாவது காரணம். உங்களுக்கே போக முடியாமல் போனால், டிக்கெட்ஸ்வாப் போன்ற மறுவிற்பனைத் தளத்தில் விற்கலாம். அங்கே அசல் விலைக்கு மேல் 20 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் பெரிய லாபம் பார்க்க முடியாது, ஆனால் அபூர்வமான நிகழ்ச்சி என்றால் போட்ட பணம் பெரும்பாலும் கைக்கு வரும். ஆகவே வெளியில் அதிக விலை சொல்லும் ஆளிடம் போகாமல், விற்பனை தொடங்கும் அன்றே அரங்கின் அதிகாரபூர்வ வழியில் இரண்டையும் வாங்கிவிடுங்கள். முதல் இரவு மேடைக்கு முன்னால் நிற்கும் இடமும், இரண்டாம் இரவு மாடத்தில் உட்காரும் இடமும் கிடைத்தால் நல்லது. கீழே கிட்டாரும் டிரம்ஸும் அமுக்கிவிடும் வயலின்களை மேலே இருந்து கேட்கலாம் என்று இந்த இசையை நன்கு அறிந்த என் வாடிக்கையாளர் ஒருவர் சொல்வார். எனக்கு அந்த அனுபவம் இல்லை.

மே மாத இறுதியில் விடுமுறைப் படி வந்ததும் முதல் வேலையாக ஜனவரி விமான டிக்கெட்டைப் பதிவு செய்யுங்கள். அது 1,900-க்குக் கீழே அமைந்தால், மிஞ்சுவதில் இன்னொரு டி-ஷர்ட் வாங்குவதற்கு என்னிடம் ஆட்சேபம் இல்லை. 2,000-ஐத் தாண்டினால், முதலில் டி-ஷர்ட்டை வெட்டுங்கள், அதன்பின் அரங்குக்குள் வாங்கும் பானத்தை. சனிக்கிழமை டிக்கெட்டை மறுவிற்பனைக்குப் போடுவது அதற்கும் பிறகு.