ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையும் மூக்கில் ரத்தக் கசிவும்

கேள்வி: செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட நான் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அடிக்கடி மூக்கில் ரத்தம் கசிவதால், மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்தலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், வால்வில் ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடும் என்பதால், அதுவே பெரிய ஆபத்து. ரத்தம் வரும்போது பலரும் தலையை அண்ணாந்துகொள்கிறார்கள். அது ரத்தத்தைத் தொண்டைக்குள் இறக்கிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கெலும்புக்குக் கீழுள்ள மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடங்கள், இடையில் விட்டுப் பார்க்காமல், அழுத்திப் பிடித்தபடி வாயால் மூச்சு விடுங்கள். அப்படியும் நிற்காவிட்டாலோ, தலைசுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கசிவு அடிக்கடி வருவதால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். வார்ஃபரினுடன் சேரும்போது ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தப்போக்கை அதிகரிக்கும் என்பதால், அவற்றை நீங்களாக வாங்கிச் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.